பாக்டீரியாக்களின் கொடுக்கல் வாங்கல்

இரவில் இளஞ்சூடான பாலில் ஒரு கரண்டி மோரை உறையூற்றி வைக்கிறோம். விடிந்ததும் பார்த்தால் பாத்திரம் முழுவதும் தயிராகத் தோய்ந்திருக்கிறது. மோரில் இருந்த நுண்ணுயிர்கள் இரவெல்லாம் பெருகிப் பாலிலுள்ள சர்க்கரையைப் புளிக்க வைத்தன. அந்தப் புளிப்பினால் பால் உறைந்தது. பாக்டீரியா எனப்படும் ஓரணு உயிர்கள் எத்துணை விரைவாகப் பெருகக்கூடியவை என்பதற்கு நம் வீட்டு அடுக்களையிலேயே நாள்தோறும் கிடைக்கும் சான்று இது.

இனப்பெருக்கம் என்றதும் நம் மனத்தில் இரண்டு செய்திகள் ஒருங்கே தோன்றுகின்றன. எண்ணிக்கை கூடுவது ஒன்று. தாய் தந்தை இருவருடைய மரபுப் பண்புகளும் பிள்ளையிடம் கலப்பது மற்றொன்று. மனிதரிடத்தும் மாட்டினிடத்தும் இவை இரண்டும் ஒரே நிகழ்ச்சியாக அமைந்துவிட்டமையால், இவற்றைத் தனித்தனியே எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை. பாக்டீரியாக்களிடத்தில் இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். பிள்ளை பெறும்போது அவற்றினிடையே கலப்பு இல்லை. கலப்பு நிகழும்போது பிள்ளை பிறப்பதில்லை. நேயர்கள் இந்த ஒன்றை நினைவில் நிறுத்திக்கொண்டால், இன்று மருத்துவ உலகம் ஏன் இவ்வளவு கவலை கொண்டிருக்கிறது என்பது எளிதில் விளங்கும்.

முதலில் பெருக்கத்தைப் பார்ப்போம். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளலாம். உலகில் மிகுதியாக ஆராயப்பெற்ற உயிர்களுள் அதுவும் ஒன்று. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 500-இல் ஒரு பங்கு. அதன் மரபுச் செய்திகள் யாவும் டி.என்.ஏ. என்னும் இழையில் எழுதப்பட்டுள்ளன. முனைகளற்று வளையமாக அமைந்த அந்த இழையை விரித்தால் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதாவது அது குடியிருக்கும் உடலைப்போல் பல நூறு மடங்கு. அதிலுள்ள எழுத்திணைகள் சுமார் 46 லட்சம். கைப்பிடியளவு பெட்டிக்குள் ஒரு தெருவின் நீளமுள்ள நூலைச் சிக்கலின்றி மடித்து வைப்பதற்கு ஒப்பானது இது.

பெருகும் காலம் வந்ததும், இழையில் குறித்த ஓரிடத்தில் இரட்டைப் புரி பிரிகிறது. அங்கிருந்து இரு திசைகளிலும் படியெடுக்கும் வேலை தொடங்கி, வளையத்தின் எதிர்ப்புறத்தில் சந்திக்கிறது. பிறகு மூலமும் படியும் ஒன்றுக்கொன்று விலகிச் செல்ல, உடலின் நடுவே ஒருவகைப் புரதம் வளையமாகக் கூடுகிறது. அவ்வளையம் இறுக, இடையே சுவர் எழ, ஒன்று இரண்டாகிறது. தாய் எது, மகள் எது என்று கேட்டால் விடை சொல்வது அரிது. தாய் இறக்கவும் இல்லை. தாயாக மிஞ்சவும் இல்லை.

இதில் ஒரு புதிர் உண்டு. உணவும் சூடும் வாய்ப்பாக அமைந்தால் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. ஆனால் இழை முழுவதையும் படியெடுக்க 40 நிமிடம் ஆகிறது. 40 நிமிட வேலையை 20 நிமிடத்துக்கு ஒருமுறை முடிப்பது எங்ஙனம்? கூப்பர், ஹெல்ம்ஸ்டெட்டர் என்னும் இருவர் 1968-இல் இதற்கு விடை கண்டனர். ஒரு படி முடிவதற்குள் அடுத்த படியைத் தொடங்கிவிடுகிறது பாக்டீரியா. ஆகவே பிரிந்துவரும் ஒவ்வொரு மகளும், தன் மகளுக்கும் பேத்திக்கும் உரிய படிகளை அரைகுறையாகத் தன்னுள் சுமந்துகொண்டே பிறக்கிறாள். பாட்டி பிறக்கும்போதே பேத்திக்குத் தொட்டில் கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது எனலாம்.

சதுரங்கக் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என்று நெல்மணி வைக்கச் சொல்லி அரசனைத் திகைக்க வைத்த கதையை நாம் அறிவோம். அந்தக் கணக்கே இங்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால், ஒரு பாக்டீரியா 10 மணி நேரத்தில் 107 கோடியாகும். ஒரு முழு நாளில் அதன் வழித்தோன்றல்களின் எடை 4,000 டன்னைத் தாண்டும். இரண்டு நாள் முடிவதற்குள் இந்த நிலவுலகின் எடைக்கு ஈடாகிவிடும். பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால், விடையைத் தவறென்று எண்ணித் தாங்களே அடித்துவிடுவார்கள். கணக்கில் தவறில்லை. உலகில் அவ்வளவு உணவு இல்லை, அவ்வளவுதான். உணவு குறைந்து கழிவு மிகும்போது பெருக்கம் தானே நின்றுவிடுகிறது.

இவ்வாறு பிறக்கும் கோடிக்கணக்கான மகள்களும் ஒரே அச்சில் வார்த்தவை என்றால், ஒன்றைக் கொல்லும் மருந்து எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் படியெடுப்போன் கை எங்கேனும் பிழை செய்வது இயல்பு. ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்த நம் முன்னோர் காலத்திலும் இது நேர்ந்தது. பாக்டீரியாவின் படியெடுக்கும் கருவி மிகவும் நேர்த்தியானது. பல நூறு பிரிவுகளுக்கு ஒருமுறைதான் ஓர் எழுத்துப் பிழை விழுகிறது. ஆயினும் 107 கோடியில் அது எத்தனை பிழை என்று எண்ணிப் பாருங்கள்! அவற்றுள் மிகப் பல பயனற்றவை. சில கேடு செய்பவை. எப்போதோ ஒன்று, மருந்தைத் தாங்கும் வலிமையைத் தருவது.

மருந்துதான் அந்த வலிமையை உண்டாக்குகிறது என்று ஒரு காலத்தில் பலர் எண்ணினர். 1952-இல் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் என்னும் அமெரிக்கத் தம்பதியர் ஒரு வெல்வெட்டுத் துணியைக்கொண்டு அவ்வெண்ணத்தைத் தகர்த்தனர். மருந்தில்லாத தட்டில் பாக்டீரியாக்களை வளர்த்து, அதன்மேல் வெல்வெட்டை ஒற்றி எடுத்து, மருந்து கலந்த வேறு தட்டுகளில் முத்திரை குத்துவதுபோல் பதித்தனர். எல்லாத் தட்டுகளிலும் அதே அதே இடங்களில் சில திரள்கள் பிழைத்தன. முதல் தட்டில் அந்த இடங்களைத் தேடிச் சென்று பார்த்தபோது, மருந்தை ஒருபோதும் கண்டிராத அங்கேயும் மருந்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் இருந்தன. ஆகவே மருந்து வலிமையைப் படைப்பதில்லை. வலிமையற்றவற்றை அழித்து, வலிமையுள்ளதற்கு இடம் ஒழித்துத் தருகிறது.

இதுகாறும் கூறியது குலவழிச் சொத்து. இனி வருவது அயலாரிடம் பெறும் சொத்து. நம் கதையின் மையம் இதுவே.

1928-இல் லண்டனில் ஃபிரெடரிக் கிரிஃபித் என்னும் மருத்துவ அறிஞர் நிமோனியாக் கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றுள் உறையணிந்த வகை எலியைக் கொல்லும். உறையற்ற வகை தீங்கற்றது. உறையணிந்த வகையைச் சூடேற்றிக் கொன்று செலுத்தினால் எலிக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் அந்தச் செத்த கிருமிகளையும், உயிருள்ள தீங்கற்ற கிருமிகளையும் சேர்த்துச் செலுத்தியபோது எலி இறந்தது. இறந்த எலியின் குருதியில் உறையணிந்த கிருமிகள் உயிரோடு உலவின! செத்தவை எழுந்து வரவில்லை. அவை விட்டுச்சென்ற ஏதோ ஒரு பொருளை உயிருள்ளவை எடுத்துக்கொண்டு, உறை நெய்யும் வித்தையைக் கற்றுவிட்டன. அந்தப் பொருள் யாது என்பதை அறியக் கிரிஃபித் இருக்கவில்லை. 1941-இல் லண்டன்மீது நடந்த குண்டுவீச்சில் அவர் மாண்டார்.

விடையைக் கண்டவர் நியூயார்க்கில் இருந்த ஆஸ்வால்டு ஏவரி. அவரும் மக்லியாட், மக்கார்ட்டி என்னும் இருவரும் செத்த கிருமியின் சாற்றிலிருந்து புரதத்தை அழித்துப் பார்த்தனர், வித்தை அழியவில்லை. டி.என்.ஏ.வை அழித்தனர், வித்தை மறைந்தது. மரபுச் செய்தியைத் தாங்குவது டி.என்.ஏ.தான் என்பதற்கு உலகிற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று இது. 1944-இல் அக்கட்டுரை வெளிவந்தபோது ஏவரிக்கு வயது 66. ஓய்வு பெற்ற எங்களைப் போன்றோர் இதைச் சற்றுப் பெருமிதத்தோடு நினைத்துக்கொள்வதில் தவறில்லை. நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்படவே இல்லை என்பது அப்பரிசின் வரலாற்றில் ஒரு குறையே.

செத்தவர் சொத்தை எடுத்துக்கொள்ளும் இவ்வழக்கம் ஆய்வுக்கூடத்தில் மட்டும் நிகழ்வதன்று. காலராக் கிருமி கடலிலும் கழிமுகங்களிலும் நண்டு, இறால் போன்றவற்றின் ஓட்டின்மேல் ஒட்டி வளரும்போது, சுற்றிலும் கிடக்கும் டி.என்.ஏ.வை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறனைப் பெறுகிறது என்று 2005-இல் கண்டறிந்தனர்.

இரண்டாவது வழி, உயிரோடிருக்கும் இரண்டு பாக்டீரியாக்கள் நேரில் தொட்டுக்கொள்வது. ஜோஷுவா லெடர்பெர்க் 1946-இல், தம் 21-ஆம் வயதில், டேட்டம் என்பவரோடு சேர்ந்து இதைக் கண்டார். தமக்கு வேண்டிய சத்துக்களுள் சிலவற்றைத் தாமே செய்துகொள்ள இயலாத இரண்டு வகை ஈ. கோலைகளைக் கலந்து வைத்தார். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்ப, எல்லாச் சத்தையும் தானே செய்துகொள்ளும் புது வகை தோன்றிற்று. அவர் தற்செயலாகத் தேர்ந்த வகை இதற்கு ஏற்றதாக அமைந்தது அவருடைய நற்பேறு, எல்லா ஈ. கோலைகளும் இவ்வாறு கூடுவதில்லை.

கூடுதல் என்கிறோம், ஆயினும் இதை மணம் என்று சொல்வது பொருந்தாது. கூடும் முன் இரண்டு. கூடிய பின்னும் இரண்டே. ஒன்று கொடுக்கிறது, மற்றொன்று பெறுகிறது. கொடுப்பதற்கு உரிய ஆற்றல் பிளாஸ்மிட் எனப்படும் சிறிய டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. முதன்மை இழைக்குப் புறம்பாக, தன்னந்தனியே படியெடுத்துக்கொள்ளும் வளையம் அது. அதை உடைய பாக்டீரியா மயிரிழைபோன்ற ஓர் உறுப்பை நீட்டி அயலானைத் தொட்டு அருகில் இழுக்கிறது. பிறகு வளையத்தின் இரு புரிகளுள் ஒன்று அவிழ்ந்து மறுபுறம் செல்கிறது. இரண்டு பேரும் தத்தம் ஒற்றைப் புரிக்குத் துணைப் புரி நெய்துகொள்கிறார்கள். கொடுத்தவனுக்குக் குறைவில்லை. ஒரு விளக்கின் சுடரிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு மங்குவதில்லை அல்லவா? பெற்றவனோ அந்தக் கணத்திலிருந்து தானும் கொடையாளி ஆகிவிடுகிறான்.

சில வகைகளில் இந்த வளையம் முதன்மை இழையோடு இணைந்துவிடுவதுண்டு. அப்போது அது செல்லுமிடத்துக்கு முதன்மை இழையையும் இழுத்துச் செல்லும். பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆய்வகத்தில் வோல்மன், ஜாக்கோப் என்னும் இருவர் 1955-இல் இதைக் கொண்டு ஓர் அழகிய சோதனை செய்தனர். கூடிய பாக்டீரியாக்களைக் குறித்த நிமிடங்களில், அடுக்களையில் அரைக்கப் பயன்படும் மின்கருவியில் இட்டுச் சுழற்றிப் பிரித்தனர். எத்தனையாவது நிமிடத்தில் எந்தப் பண்பு போய்ச் சேர்ந்தது என்று பார்த்து, இழையில் மரபணுக்கள் அமைந்துள்ள வரிசையைக் கண்டுகொண்டனர். இழை முழுவதும் செல்ல 100 நிமிடம் பிடிக்கும். ஆகவே ஈ. கோலையின் மரபணு வரைபடம் நெடுங்காலம் நிமிடக் கணக்கிலேயே வரையப்பட்டு வந்தது. ஊருக்கு ஊர் தொலைவை நாழிகை வழி என்று சொன்ன நம் நாட்டாருக்கு இது புதிதாகத் தோன்றாது. வோல்மனின் பெற்றோரும் அதே ஆய்வகத்தில் பாக்டீரிய வைரஸ்களை ஆராய்ந்தவர்கள். 1943-இல் நாஜிகள் அவர்களைப் பிடித்து ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினர், அவர்கள் திரும்பவில்லை.

அந்த வைரஸ்கள்தாம் மூன்றாவது வழி. பாக்டீரியாவையும் தாக்கும் வைரஸ் உண்டு; அதற்கு ஃபேஜ் என்று பெயர். அது பாக்டீரியாவுக்குள் பெருகி வெளியேறும்போது, சில வேளைகளில் தன் இழைக்குப் பதிலாக அந்தப் பாக்டீரியாவின் இழைத் துண்டு ஒன்றைத் தவறுதலாக மூட்டை கட்டிக்கொண்டு, அடுத்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சிண்டரும் லெடர்பெர்க்கும் 1952-இல் இதைக் கண்டனர். வேறு சில ஃபேஜுகள் தம் சொந்த மரபணுக்களையே பாக்டீரியாவிடம் நிலையாகத் தங்கச் செய்கின்றன. காலராவில் உடலின் நீரெல்லாம் வற்றச் செய்வது அக்கிருமி வெளியிடும் ஒரு நச்சு. 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் தே என்னும் அறிஞர் அந்நச்சைக் கண்டறிந்தார். அதைச் செய்யும் மரபணு உண்மையில் ஒரு ஃபேஜுக்கு உரியது என்பது 1996-இல் தெரியவந்தது. கொள்ளை நோயாக ஊர்களை அழித்த கிருமி, தன் ஆயுதத்தை இரவலாகப் பெற்றிருந்தது!

இனி, ஆய்வுக்கூடத்தை விட்டு மருத்துவமனைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் ஷிகெல்லா என்னும் கிருமியால் சீதபேதி மிகுதியாகப் பரவியிருந்தது. முதலில் சல்ஃபா மருந்துகள் நன்றாக வேலை செய்தன. சில ஆண்டுகளில் அவை பயனற்றுப் போயின. ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்கிளின் ஆகியவை வந்தன. 1955-இல் ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒரு பெண்மணியிடம் காணப்பட்ட ஷிகெல்லா, இந்த நான்குக்குமே மசியவில்லை. பிழை எழுத்தினால் ஒரு மருந்தைத் தாங்கும் ஆற்றல் கோடியில் ஒன்றுக்கு வருகிறது என்று கொள்வோம். நான்கு மருந்துகளையும் ஒருசேரத் தாங்கும் ஒன்று தோன்ற, 1-ஐ அடுத்து 28 சுழிகள் இட்ட அளவு பாக்டீரியாக்கள் வேண்டும். அஃது ஒரு மனிதர் குடலில் நடக்கக்கூடியதன்று. வேறொன்றும் மருத்துவர்களை வியப்பில் ஆழ்த்தியது. நோயாளியின் குடலில் வாழ்ந்த, தீங்கற்ற ஈ. கோலையும் அதே நான்கு மருந்துகளைத் தாங்கியது.

1959-இல் அக்கிபா, ஒச்சியாய் என்போர் தலைமையில் இரு குழுவினர் தனித்தனியே உண்மையைக் கண்டனர். மருந்தைத் தாங்கும் ஈ. கோலையையும், தாங்காத ஷிகெல்லாவையும் ஒன்றாக வைத்தால் போதும். ஷிகெல்லா நான்கு ஆற்றல்களையும் ஒருங்கே பெற்றுவிடுகிறது. நான்கும் ஒரே பிளாஸ்மிட்டில் மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. டோக்கியோவில் கெய்யோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வத்தனபே இதனைப் பிற நாட்டினர்க்கு விரித்து எழுதினார். மருந்தெதிர்ப்பு என்பதே தொற்றிக்கொள்ளக்கூடியது என்று அவர் எழுதியதை முதலில் பலர் நம்பவில்லை.

இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் தீமை என்று நினைத்துவிடக் கூடாது. பால் சர்க்கரையைப் புளிக்க வைக்கும் ஆற்றல், தயிர், மோர் முதலியவற்றில் வாழும் லாக்டோகாக்கஸுக்குப் பெரும்பாலும் ஒரு பிளாஸ்மிட்டிலிருந்தே கிடைக்கிறது. கடற்பாசியில் சுற்றிய உணவை விரும்பி உண்ணும் ஜப்பானியரின் குடல் பாக்டீரியாக்கள் சில, அந்தப் பாசியைச் செரிக்கும் மரபணுவைக் கடல் பாக்டீரியாக்களிடமிருந்து பெற்றிருப்பதை 2010-இல் கண்டனர். மனிதனும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டான். 1978-இல் இன்சுலினுக்கு உரிய மனித மரபணுவைப் பிளாஸ்மிட்டில் ஏற்றி ஈ. கோலைக்குள் செலுத்தினர்; 1982-இல் அந்த இன்சுலின் விற்பனைக்கு வந்தது. நீரிழிவு நோயாளர் பலர் உயிர் வாழ்வது இந்த வளையத்தின் துணையால்.

ஆனால் ஜப்பானில் கண்டது அங்கேயே நின்றுவிடவில்லை. கார்பாபெனம் என்பவை, வேறு மருந்துகள் பயன்படாதபோது மருத்துவர்கள் இறுதியாக நம்பியிருப்பவை. அவற்றைச் சிதைக்கும் ஒரு நொதியை விளைவிக்கும் மரபணு குறித்த செய்தி 2009-இல் வெளிவந்தது. அதற்குப் புதுதில்லியின் பெயரை இட்டனர். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் 2010-இல் வெளியிட்ட கட்டுரை, சென்னையிலும் அரியானாவிலும் உள்ள நோயாளிகளிடம் அதைக் காட்டிற்று. மறு ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், தில்லித் தெருக்களில் தேங்கிய நீர் 171 இடங்களில் எடுக்கப்பட்டது. 51-இல் அந்த மரபணு இருந்தது. குழாய் நீர் 50 இடங்களில் எடுக்கப்பட்டது, 2-இல் இருந்தது. சீதபேதிக் கிருமியிலும் காலராக் கிருமியிலுங்கூட அதைக் கண்டனர். நம் தலைநகரின் பெயரை இட்டதற்கு நாட்டில் சினம் எழுந்தது, அஃது இயல்பே. ஆனால் பெயரை மாற்றினால் குழாய் நீர் மாறிவிடாது. 2019-ஆம் ஆண்டில் மருந்தெதிர்ப்பே நேர்க் காரணமாக உலகில் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

"எனக்குச் சாதாரணச் சளிதானே, இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கினால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்போர் உண்டு. சளி வைரஸால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அம்மாத்திரை குடலுக்குப் போகிறது. அங்கே கோடி கோடியாகக் குடியிருக்கும் தீங்கற்ற பாக்டீரியாக்களுள், மருந்தைத் தாங்குபவை மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. அவற்றால் நமக்கு நேரடித் துன்பம் இல்லை. என்றேனும் ஒரு நாள், கெட்ட நீரோடு ஒரு நோய்க் கிருமி அவ்வழியே வரும். அப்போது ஜப்பானில் நடந்தது நம் வயிற்றுக்குள் நடக்கும். சளிக்கு விழுங்கிய மாத்திரையின் விளைவை, நாம் சளியையே மறந்துவிட்ட பிறகு, வேறொரு நோயில் காண்போம். அந்த நோய் நமக்கு வராமல் வீட்டிலுள்ள குழந்தைக்கும் வரலாம்.

இதனாலன்றோ மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது என்று சட்டம் செய்திருக்கிறார்கள். 2014 முதல் சில முதன்மையான ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கடைக்காரர் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். மாத்திரை அட்டையின் முதுகில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதன் பொருளை அறிந்துகொள்ளுமாறு 2016-இல் அரசு மக்களைக் கேட்டுக்கொண்டது. கோழித் தீவனத்தில் கோலிஸ்டின் மருந்தைக் கலக்கும் வழக்கத்தை 2019-இல் தடை செய்தனர். பண்ணையில் உருவாகும் பிளாஸ்மிட் பண்ணையிலேயே தங்கியிருப்பதில்லையாகையால் இத்தடை மிகவும் தக்கதே.

மருந்தை நிறுத்திவிட்டால் பாக்டீரியாக்கள் அந்தச் சுமையை இறக்கி வைத்துவிடுமோ என்று எதிர்பார்ப்பது இயற்கை. வேண்டாத வளையத்தைச் சுமப்பது அவற்றுக்குச் செலவுதான். சில, காலப்போக்கில் அதை இழக்கவும் செய்கின்றன. ஆனால் பிளாஸ்மிட்டுகள் பல தம்மைக் காத்துக்கொள்ளும் ஒரு சூழ்ச்சியை உடையவை. 1983-இல் ஜப்பானியர் ஒகுரா, ஹிராகா என்போர் ஈ. கோலையில் இதை விளக்கினர். வளையத்தில் இரண்டு மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று நஞ்சைச் செய்கிறது. மற்றொன்று அதன் முறிவைச் செய்கிறது. நஞ்சு நெடுநேரம் நிலைப்பது. முறிவோ விரைவில் சிதைவது. பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது ஒரு மகளுக்கு வளையம் கிடைக்காமல் போனால், தாயிடமிருந்து வந்த நஞ்சும் முறிவும் மட்டுமே அவளிடம் இருக்கும். முறிவு சிதைந்துபோகும். புதிதாகச் செய்துகொள்ள மரபணு இல்லை. நஞ்சு மிஞ்சுகிறது, அந்த மகள் மடிகிறாள், அல்லது வளர்ச்சி குன்றி நின்றுவிடுகிறாள். வளையத்தைப் பெற்ற மகள்களே 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டு போகிறார்கள்.